நாட்டு வருமானத்தில் கல்விக்கு எவ்வளவு? கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வேப்ப மரத்தடியில் நின்று பேசுவோம். கல்விக்கு ஆறு சதவீதம் என்ற பேச்சு எப்படியாவது அங்கே வந்துவிடும். பெற்றோர்கள் கேட்டவை, புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் பாகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை கேட்டவை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல்விக்கு ஆறு சதவீதம் என்கிறார்களே, எதில் ஆறு சதவீதம்? பட்ஜெட்டிலா?

பட்ஜெட்டில் இல்லை. நாட்டில் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் எல்லாவற்றின் மதிப்பிலும் ஆறு சதவீதம். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும், நெய்வேலி மின்சாரமும், கடலூர் துறைமுகத்தில் ஏலம் போகும் மீனும், மஞ்சக்குப்பத்தில் முடிதிருத்தும் கடையில் வாங்கும் கூலியும், ஆசிரியரின் சம்பளமும் எல்லாம் சேர்ந்ததுதான் உள்நாட்டு மொத்த உற்பத்தி. சுருக்கமாக ஜி.டி.பி.

2025-26 மத்திய பட்ஜெட் போடும்போது அந்த ஆண்டின் ஜி.டி.பி. சுமார் 357 லட்சம் கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு சதவீதம் என்றாலே மூன்றரை லட்சம் கோடிக்கு மேல். ஆறு சதவீதம் 21 லட்சம் கோடியைத் தாண்டும். அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்த பட்ஜெட்டே சுமார் 50.65 லட்சம் கோடிதான். ஆக, ஆறு சதவீதம் என்பது கேட்பதற்குச் சின்னதாக இருந்தாலும் மிகப் பெரிய தொகை.

செய்திகளில் இரண்டு வகைச் சதவீதத்தையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். அதே ஆண்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 1,28,650 கோடி. மத்திய பட்ஜெட்டில் இது சுமார் இரண்டரை சதவீதம். நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட இல்லை, 0.36 தான். ஒரே தொகைக்கு இரண்டு எண்கள் வருகின்றன. யாராவது சதவீதம் சொன்னால், எதில் சதவீதம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இந்த ஆறு என்ற எண்ணை யார் சொன்னது?

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு. 1964இல் அமைக்கப்பட்டு 1966இல் அறிக்கை கொடுத்தது. 1965-66இல் நாட்டு வருமானத்தில் 2.9 சதவீதம் கல்விக்குச் செலவாகிறது, 1985-86இல் இது 6 சதவீதமாக வேண்டும் என்று அந்தக் குழு கணக்குப் போட்டது. சும்மா ஒரு வட்டமான எண்ணாக எடுத்துப் போட்டதில்லை. எத்தனை பிள்ளைகள் படிக்க வருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள், பொருளாதாரம் எந்த வேகத்தில் வளரும் என்றெல்லாம் பார்த்து, ஆளுக்கு 12 ரூபாயாக இருக்கும் கல்விச் செலவு இருபது ஆண்டுகளில் 54 ரூபாயாக வேண்டும் என்று கூட்டிக் காட்டியிருந்தார்கள்.

1968 கல்விக் கொள்கை இதை ஏற்றது. 1986 கொள்கையும் சொன்னது. 2020 கொள்கை ‘கூடிய விரைவில்’ எட்ட வேண்டும் என்கிறது. கோத்தாரி குறித்த கெடு முடிந்தே நாற்பது வருடம் ஆகிறது. இந்த எண் எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இதுவே காரணம். மூன்று கொள்கைகள் எழுத்தில் கொடுத்த வாக்கு இது. ஒரு தலைமுறை இதற்குள் படித்து முடித்து, பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டது.

இப்போது எவ்வளவு செலவாகிறது? ஒருவர் 2.9 என்கிறார், இன்னொருவர் 4.4 என்கிறார். யாரை நம்புவது?

இரண்டும் அரசு ஆவணங்களில் இருப்பவைதான். 2022-23ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கல்விக்கு ஒதுக்கியது 2.9 சதவீதம் என்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ 2017-18இன் கணக்கை 4.43 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. ஆண்டு வேறுதான். ஆனால் இவ்வளவு இடைவெளி வருவதற்குக் காரணம் ஆண்டு மட்டும் இல்லை, எதை எதைக் கூட்டுகிறார்கள் என்பதும்தான்.

அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஏதாவது ஒரு நான்கு இலக்கக் கணக்குத் தலைப்பில் ஏற வேண்டும். 2202 பொதுக் கல்வி. 2203 தொழில்நுட்பக் கல்வி. 2210 மருத்துவம். 2225 ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலன். 2236 ஊட்டச்சத்து. 2071 ஓய்வூதியம். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்தைச் சுற்றி வாருங்கள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் 2202இல் வரும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிற ஆசிரியரின் சம்பளம் நலத்துறைக் கணக்கில் வரும். இரண்டு பள்ளியிலும் பிள்ளைகள் சாப்பிடும் சத்துணவு சமூக நலத்துறையின் கையில் இருக்கிறது. அங்கன்வாடிக் குழந்தைக்கும் அப்படித்தான். சிதம்பரத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்துவிட்டது. புதுச்சேரி ஜிப்மருக்கு மத்திய சுகாதார அமைச்சகம் பணம் கொடுக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் மாணவர்கள்தான், ஆனால் அந்தச் செலவு கல்வி அமைச்சகத்தின் பட்ஜெட்டில் தெரியாது. முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியரின் ஓய்வூதியம் பொதுவாக 2071இல் போய்விடுகிறது.

குறைந்த எண்ணைக் காட்டும் கணக்கு, கல்வி, விளையாட்டு, கலை, பண்பாடு என்ற தலைப்பில் இருப்பதை மட்டும் எடுக்கிறது. கூடுதலான எண், பிற துறைகள் கல்விக்காகச் செய்யும் செலவையும் சேர்க்கிறது. என்னைக் கேட்டால் எந்தக் கணக்கை எடுத்தாலும் தவறில்லை. ஆனால் போன வருடம் ஒன்றையும் இந்த வருடம் மற்றொன்றையும் எடுத்து வைத்து, பாருங்கள் உயர்ந்துவிட்டது என்று சொல்வதை ஏற்க முடியாது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆறு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜி.டி.பி.யும் நாட்டு வருமானமும் ஒன்றா?

ஒன்று இல்லை, ஆனால் நம் பேச்சுக்கு வித்தியாசம் பெரிதில்லை. நாட்டுக்குள் உற்பத்தியாவது ஜி.டி.பி. அதோடு வெளிநாட்டிலிருந்து வரும் வட்டி, லாபம், ஊதியத்தைக் கூட்டி, இங்கிருந்து வெளியே போவதைக் கழித்தால் தேசிய வருமானம். இந்தியாவுக்கு இது ஜி.டி.பி.யைவிடச் சற்றுக் குறைவு. இயந்திரம், கட்டடத் தேய்மானத்தையும் கழித்தால் இன்னும் குறையும். வகுக்கும் எண் குறைந்தால் அதே செலவின் சதவீதம் கூடித் தெரியும், அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வாங்கும் பென்ஷன் பல குடும்பங்களைத் தாங்குகிறது. அந்தப் பணம் ஜி.டி.பி.யில் சேராது. ஆனால் அதை இங்கே செலவழிக்கும்போது கடைக்காரரின் வருமானமாக உள்ளே வந்துவிடும்.

மத்திய அரசு தருவது அதிகமா, மாநிலம் தருவது அதிகமா?

மாநிலம்தான், வெகு அதிகமாக. 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிகாரத்தில் மத்திய அரசுக்குப் பங்கு வந்தது. சம்பளச் சுமை மாநிலத்திடமே இருக்கிறது.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, உயர் கல்விக்கு 8,494 கோடி. இரண்டும் சேர்த்து 55,261 கோடி. மத்திய அமைச்சகம் நாடு முழுவதற்கும் வைத்திருக்கும் 1,28,650 கோடியோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மாநிலம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழிக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டின் சொந்த உற்பத்தி மதிப்பில், அதாவது சுமார் 35 லட்சம் கோடியில், இந்த இரண்டு துறைகளின் பங்கு ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. வளர்ந்த மாநிலம் என்பதால் வகுக்கும் எண் பெரிது. பெருமைப்படும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் முக்கியமான பள்ளித் திட்டம் சமக்ர சிக்ஷா. அதன் செலவில் மத்திய அரசின் பங்கு 60, நம் மாநிலத்தின் பங்கு 40. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் யார் சரி, யார் தவறு என்று பேசலாம், பேச வேண்டும். ஆனால் ஒரு திட்டத்தில் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்காக வேறொரு திட்டத்தின் பணத்தை நிறுத்தினால், கையெழுத்து என்றால் என்னவென்றே தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைச் சுமக்கிறது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தப் பெரிய எண்களுக்கும் நம்ம ஊர்ப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

மேலாண்மைக் குழு உறுப்பினராக நான் பார்த்ததைச் சொல்கிறேன். சமக்ர சிக்ஷாவில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. முப்பது பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்றைம்பது வரை 50,000 என்று ஏறிக்கொண்டே போகும். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். எங்கள் பள்ளி 25,000 ரூபாய் வகையில் வருகிறது.

ஒரு வருடம் அந்த மானியம் ஜூனில் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. பெண் குழந்தைகள் கழிப்பறையில் குழாயின் திருகு கழன்று, தண்ணீர் நிற்காமல் ஓடியது. தொட்டி பத்து மணிக்கே காலியாகிவிடும். யாரோ ஒரு பிள்ளை பழைய ரிப்பனால் குழாயின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. நீல நிற ரிப்பன், நனைந்து கறுத்துப் போயிருந்தது. தலைமை ஆசிரியை கைப்பணத்தைப் போட்டுக் குழாய் மாற்றினார். நூற்றெண்பது ரூபாய். ரசீதைப் பதிவேட்டில் குத்தி வைத்து, “மானியம் வந்ததும் எடுத்துக்கிறேன் சார்” என்றார். மானியம் வந்தபோது பிப்ரவரி. மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் இருபத்தைந்தாயிரத்தையும் செலவழிப்பதற்காக, அவசரமில்லாத சுவரொட்டிகளும் ஒரு பீரோவும் வாங்கினோம். மழைக்கு முன்னால் அடைத்திருக்க வேண்டிய கூரை ஒழுகல் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது.

நாட்டின் கணக்கில் அந்த வருடம் அந்தப் பணம் செலவானதாகத்தான் ஏறும். சதவீதத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. அதனால்தான் எவ்வளவு என்று கேட்கும் இடத்திலெல்லாம், எப்போது வந்தது என்றும் கேட்கச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஐம்பதாயிரம் செலவாகிறதாமே? அந்தப் பணத்தைத் தனியார் பள்ளிக்கே கட்டிவிடலாமே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மரத்தடியிலும் கேட்கிறார்கள், டீக்கடையிலும் கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இருவரும் இருபது வருடம் பணியில் இருப்பவர்கள், ஆளுக்கு மாதம் 85,000 ரூபாய். ஆண்டுக்கு 20 லட்சத்து 40 ஆயிரம். 41ஆல் வகுத்தால் பிள்ளைக்கு ஐம்பதாயிரம் வருகிறது. சரி, அதே பள்ளியில் இன்னும் 19 பிள்ளைகள் சேர்ந்து 60 ஆனால்? கல்வி உரிமைச் சட்டப்படி 60 வரை இரண்டு ஆசிரியர் போதும். செலவு அதே 20 லட்சத்து 40 ஆயிரம். பிள்ளைக்கு 34,000 ஆகிவிட்டது. கற்பிப்பதில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. ஐம்பதாயிரம் என்ற எண் பெரும்பாலும் சொல்வது, பள்ளி சிறியது, ஆசிரியர்கள் பணியில் மூத்தவர்கள் என்பதைத்தான்.

தனியார் பள்ளியின் கட்டணம் குறைவாக இருப்பதன் ரகசியம் பல இடங்களில் ஆசிரியரின் சம்பளத்தில் இருக்கிறது. பி.எட். முடித்துவிட்டு மாதம் பன்னிரண்டாயிரத்துக்குப் பாடம் நடத்தும் பெண்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அவர்கள் குறைத்து வாங்குவதைச் சிக்கனம் என்று கொண்டாடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்புறம் வேன், சீருடை, நோட்டு, ஆண்டு விழா என்று தனியாக வாங்குவதைக் கட்டணத்தில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பள்ளிக்கு இருளர் குடியிருப்பிலிருந்து ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோர் கரும்பு வெட்டப் போனால் வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். பிள்ளை வரவில்லையென்றால் டீச்சர் நடந்து போய்க் கூப்பிட்டு வருகிறார். பள்ளி நடை தூரத்தில் இருப்பதால்தான் அது நடக்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்ததும் இதற்காகத்தான். பிள்ளை குறைவு, செலவு அதிகம் என்று அந்தப் பள்ளியை மூடி, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியோடு சேர்த்தால் தலைக்கு ஆகும் செலவு அழகாகக் குறையும். அந்த ஏழு பேரில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேருவார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

“அண்ணா, நாங்க பாகூர்ல இருக்கோம். எங்க பள்ளிக்கூடத்துச் செலவு யார் கணக்குல வரும்?”

இது தங்கை கேட்டது. கடலூரிலிருந்து பேருந்தில் ஏறினால் முள்ளோடையில் எல்லை மாறிவிடுகிறது. வயலும் பனையும் அதேதான், ஆனால் பள்ளிக்குப் பணம் வரும் வழி வேறு.

புதுச்சேரி, சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் நிதிக் குழுவின் வரம்புக்குள் அது வராது. சொந்த வரி வருவாய், மத்திய அரசின் மானியம், கடன் இவற்றை வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். 2025-26இல் அது 13,600 கோடி. தங்களையும் நிதிக் குழுவில் சேர்க்க வேண்டும் என்பது அங்கே பல காலமாக எழும் கோரிக்கை. நாடு முழுவதற்குமான சதவீதம் கூட்டும்போது, மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்கள் என்ற வரிசையில் புதுச்சேரியின் செலவும் சேர்ந்துவிடும். காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் செலவு டெல்லியின் கணக்கு. 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே பள்ளியோ பிரெஞ்சு அரசின் கீழ் நடக்கிறது.

பாடத்திட்டமும் பணத்தைத் தொடும். முன்பு புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்தன. மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. புத்தகம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாமே மாறுகின்றன. என் தங்கை மகன் தமிழ் வழியில் படித்து வந்தவன். ஆங்கிலத்தில் அறிவியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முதல் மாதம் முழுக்க அழுதான். மாற்றம் நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி. ஆனால் இப்படி ஒரு மாற்றத்தைச் செய்யும் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக்குக் கூடுதலாக எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்கலாம்.

வருமான வரியில் கல்விக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி பிடிக்கிறார்களே, அது எங்கே போகிறது?

2004இல் தொடக்கக் கல்விக்கென்று 2 சதவீதம் வந்தது. 2007இல் இடைநிலை, உயர் கல்விக்கு 1 சதவீதம் சேர்ந்தது. 2018இல் இரண்டையும் எடுத்துவிட்டுச் சுகாதாரம், கல்வி இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீதம் ஆக்கினார்கள். இந்த 4 சதவீதம் உங்கள் வருமானத்தில் இல்லை, நீங்கள் கட்டும் வரியின் மேல். லட்சம் ரூபாய் வரி வந்தால் நாலாயிரம்.

கவனிக்க வேண்டியது, செஸ் பணத்தை மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. பள்ளிக்கு அதிகம் செலவழிப்பது மாநிலம், கல்வியின் பெயரில் வசூலிக்கும் வரி மாநிலத்துக்குப் பங்கில்லாதது. அதோடு, செஸ் வருகிறது என்பதற்காகப் பொது நிதியிலிருந்து கொடுப்பதைக் குறைத்தால் மொத்தம் உயராது.

வருமான வரியே கட்டாதவர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா?

உண்டு. சோப்பு வாங்கினாலும் செல்போன் ரீசார்ஜ் செய்தாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம்.

பெற்றோர் கட்டும் கட்டணமும் இந்தச் சதவீதத்தில் சேருமா?

சேராது. அரசு செலவழிப்பது மட்டும்தான். ஆனால் அரசு குறைவாகச் செலவழிக்கும் இடத்தில் குடும்பம் அதிகம் செலவழிக்கிறது. 2025இல் தேசிய மாதிரி ஆய்வு நாடு முழுக்க எடுத்த கணக்குப்படி, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டார் ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவழிக்கிறார்கள். மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் டியூஷனுக்கும் போகிறது. எங்கள் ஊரில் பள்ளிக் கட்டணத்துக்காக மே மாதத்தில் நகையை அடகு வைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்விக்கான செலவு எங்கும் போய்விடவில்லை, பட்ஜெட்டிலிருந்து அடகுக் கடைச் சீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

அரசு செலவை ஏற்றுக்கொண்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

நம் மாவட்டத்திலேயே தெரிந்தது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. ஆனால் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் கட்டணம் குறையவில்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அரசு நிறுவனத்துக்கு எதற்கு இந்தக் கட்டணம் என்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளின் கட்டணமே இங்கேயும் என்றானது. லட்சங்கள் சில ஆயிரங்களாக இறங்கின.

அந்த வித்தியாசத்தை இப்போது அரசு சுமக்கிறது. மேலே சொன்னபடி, அது கல்வி என்ற தலைப்பில் தெரியாமலும் போகலாம். ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருந்து வரும் ஒரு விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்தது உண்மை.

மற்ற நாடுகள் எவ்வளவு செலவழிக்கின்றன?

2015இல் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, எல்லா நாடுகளும் உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம், அல்லது அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. ஸ்வீடன் போன்ற நாடுகள் ஆறைத் தாண்டிவிட்டன. நமக்குப் பக்கத்தில் இலங்கையில் 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இதே ஆறு சதவீதத்தைக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே எண்ணைக் கேட்கிறோம்.

நாடுகளை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. உற்பத்தி சரிந்தால், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே சதவீதம் ஏறும். 2020-21இல் கொரோனாவால் நம் பொருளாதாரம் சுருங்கியது. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டின் விகிதத்தை முன்னேற்றத்துக்குச் சான்றாகக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். மூத்தவர்கள் அதிகமுள்ள நாட்டில் ஐந்து சதவீதம் செய்யும் வேலையை, பிள்ளைகள் நிறைந்த நாட்டில் ஐந்து சதவீதம் செய்துவிடாது.

ஆறு சதவீதத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நேர்மையான கேள்வி. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து வசூலிக்கும் வரி, உற்பத்தியில் சுமார் 17, 18 சதவீதம். ஆறு சதவீதம் கல்விக்கு என்றால் வரியில் மூன்றில் ஒரு பங்கு. மருத்துவமனை, சாலை, ரேஷன், ராணுவம், வட்டி எல்லாம் மீதியில் நடக்க வேண்டும். ஆகவே ஒரே பட்ஜெட்டில் இது வராது. வரி வசூல் கூட வேண்டும், செஸ் என்று தனியாக ஒதுக்குவது குறைந்து மாநிலப் பங்கு கூட வேண்டும், ஆண்டுக்குக் கொஞ்சம் என்று எழுதி வைத்து ஏற்ற வேண்டும். கோத்தாரி குழு கேட்டதும் இருபது வருட ஏற்றத்தைத்தான். ‘கூடிய விரைவில்’ என்று எழுதினால் யாரையும் பிடித்துக் கேட்க முடியாது. இந்த ஆண்டு இவ்வளவு, அடுத்த ஆண்டு இவ்வளவு என்று எழுதினால் கேட்கலாம்.

சாதாரண ஆளாக நான் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

தமிழ்நாடு பட்ஜெட்டில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. பள்ளிக் கல்விக்கு அதன் எண் 43, உயர் கல்விக்கு 20. மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், இணையத்தில் கிடைக்கும். அதில் சம்பளம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு, திட்டங்கள் எவ்வளவு என்று பாருங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று வகை எண்கள் வரும். தலைப்புச் செய்தியில் வருவது முதலாவது. நீங்கள் மூன்றாவதைத் தேடுங்கள், அது இரண்டு வருடம் கழித்துத்தான் வரும்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மை பெற்றோர்தான். பள்ளி மானியம் இந்த ஆண்டு எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் போன இரண்டு வருடமாகத் தேதியையும் எழுதி வருகிறோம். அடுத்த கூட்டத்தில் கூரை ஒழுகலை எடுத்திருக்கிறோம். மழை தொடங்குவதற்குள் ஓடு மாற்றியாக வேண்டும்.